ஆண் வாரிசு உள்ளது

உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது, நின்றால் இடுப்பு கழன்றுபோகிறது, ஆனாலும் உட்கார்ந்திருப்பதுதான் புத்திசாலித்தனம், எழுந்தால் பெஞ்சில் இடம் போய்விடும், போன தடவை தண்ணீர் குடிக்க எழுந்து வருவதற்குள் ஒரு பெரியவர் உட்கார்ந்துவிட்டார், அவரை எழுப்ப எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் யாரும் யாரையும் எழுப்ப முடியாது, அத்தனை பேரும் கிழடுகள். நான் நர்ஸ் வேலைக்கு வந்த காலத்தில் வரிசை என்றால் இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்தபடி ஒன்று, வயிற்றில் ஒன்று என்று பொம்பளைகள் நிற்பார்கள், ஒரு பிள்ளை அழுதால் வரிசை முழுக்க அழும். இங்கே தைல வாடையும் இருமலும்தான். கதவுக்கு மேலே சமூகப் பாதுகாப்புத் திட்டம் என்று பலகை, கதவு இன்னும் திறக்கவில்லை. பழனியாத்தாள் என் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம், புருஷன் இறந்த சான்றிதழ், அவன் வாரிசுச் சான்றிதழ், மகள் இறந்த சான்றிதழ். முதியோர் உதவித்தொகைக்கு இரண்டு தடவை மனு போட்டோம், நான்தான் எழுதினேன், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு தடவையும் ஒரே பதில். ஆண் வாரிசு உள்ளது, மனு நிராகரிக்கப்படுகிறது. முதல் தடவை அதை வாசித்துக் காட்டியபோது அவள் சிரித்தாள். “எனக்கு ஏதுங்க நர்சம்மா பையன்? வேற யாரையோ நெனச்சு எழுதிப் போட்டாங்களாட்ட இருக்குது.” வேறு யாரையும் நினைத்து எழுதவில்லை. அவள் புருஷன் சென்னியப்பன் அவளை விட்டுவிட்டுக் காங்கயத்தில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தி ஒரு மகனைப் பெற்றான், நந்தகுமார் என்று பேர். சென்னியப்பன் செத்த பிறகு வாங்கிய வாரிசுச் சான்றிதழில் மனைவி பழனியாத்தாள், மகன் நந்தகுமார் என்று அடுத்தடுத்த வரியில் அச்சாகியிருக்கிறது, கம்ப்யூட்டருக்கு அவ்வளவு போதும். அவள் பெறாத மகன், ஒருநாளும் கண்ணால் பார்க்காத மகன், அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பதாக அது நினைக்கிறது. அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் மடித்துப் பைக்குள் தள்ளிவிடுகிறேன். ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முப்பத்தொன்பது வருஷமாக எனக்கு மட்டும்தான் தெரியும்.

“டீ வாங்கியாரட்டுங்களா?” என்கிறாள். வேண்டாம் என்று தலையாட்டுகிறேன், டீ குடித்தால் ஒன்றுக்கு வரும், இங்கே கக்கூஸ் பூட்டிக் கிடக்கிறது, திறந்திருந்தாலும் ஈரத்தரையில் கால் வைக்க எனக்குப் பயம். ஆவணியில் பாத்ரூமில் விழுந்தேன். காலை ஆறேகால் இருக்கும். மல்லாந்து கிடந்தேன், இடுப்புக்குக் கீழே உடம்பு வேறு யாருடையதோ போல இருந்தது, போன் கட்டில்மேல் இருந்தது. கத்தினேன், ஒரு பக்கத்து வீட்டு வாத்தியாருக்குக் காது கேட்காது, இன்னொரு பக்கத்து வீடு பூட்டி ஆறு வருஷம். சுவரில் ஒரு பல்லி இருந்தது, அது நகர்ந்தால் யாராவது வருவார்கள் என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது நகரவே இல்லை. எட்டரைக்குப் பழனியாத்தாள் தினமும் போல வாசல் கூட்ட வந்தாள். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கம் வந்து பின்கதவின் கொண்டியைக் கல்லால் அடித்து உடைத்தாள். அறுபத்திரண்டு வயசுக்காரி அறுபத்தேழு வயசுக்காரியைத் தூக்கினாள், கழுவினாள், துணி மாற்றினாள், “வெசனப்படாதீங்க, நானிருக்கறனல்லங்க” என்றாள். நானிருக்கிறேன் என்று அவள் சொன்னபோது எனக்கு வந்த அழுகை வலியால் வந்தது அல்ல. என் மகன் இளம்பரிதி ஓசூரிலிருந்து மறுநாள் வந்தான், இரண்டு நாள் லீவு, போகும்போது, “அந்தக்காவ நம்ம வீட்டுலயே படுத்துக்கச் சொல்லும்மா” என்றான். அவனுக்கு முப்பத்தெட்டு வயசு, பதினோரு வருஷம் பெண் தேடி ஓய்ந்துவிட்டோம், பெண் இருந்தால்தானே. எனக்கு நான் இருக்கிறேன் என்று சொல்ல ஒருத்தி வந்தாள், அவன் அறுபத்தேழு வயசில் ஓசூரில் ஒரு மாடி வீட்டில் விழுந்தால் யார் கதவை உடைப்பார்கள். அங்கே போய்ச் சிக்கிக்கொள்கிறது நினைப்பு. சேலை முள்ளில் மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. காலையில் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பேப்பரை விரித்து வைத்திருந்தார், பிறப்பு சரிகிறது, முதியோர் பாரம் ஏறுகிறது என்று பெரிய எழுத்தில். பாரம் என்று போட்டிருந்தான். எங்கள் காளிவலசில் நூற்று நாற்பது வீடு, அத்தனை வீடும் எனக்கு மனப்பாடம், ராத்திரி தூக்கம் வராதபோது தெற்குத் தெருவிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போவேன், இங்கே இரண்டு கிழடு, இங்கே ஒன்று, இங்கே பூட்டு, இங்கே பூட்டு. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அங்கன்வாடியில் மூன்று பிள்ளைகள், அதில் இரண்டு கோழிப்பண்ணை வேலைக்கு வந்திருக்கும் ஒடிசாக்காரர்களின் பிள்ளைகள். இதே வீடுகளுக்குத்தான் நான் கையில் நோட்டோடு ஏறி இறங்கினேன், உனக்கு எத்தனை, உனக்கு எத்தனை, போதும் நிறுத்து. எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஏழாவது பிரசவத்தில் ரத்தம் போய்ச் செத்தவளைப் பார்த்தவள் நான். கேட்டு வந்தவர்களுக்குச் செய்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்டு வந்தவர்களுக்கு.

தகுதியான தம்பதியர் பதிவேடு என்று நீளமான நோட்டு அது. அதில் பேர் எழுதி, வயசு எழுதி, உயிரோடு இருக்கும் குழந்தைகள் எத்தனை என்று எழுத வேண்டும், மார்ச் முப்பத்தொன்றுக்குள் இத்தனை குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் என்று இலக்கு. ஆள் என்று சொல்ல மாட்டோம், கேஸ். எனக்கு இருபத்தெட்டு வயசு, ஊர் விழுப்புரம் பக்கம், புருஷன் திருச்சியில், மாறுதலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மார்ச் இருபத்தாறாம் தேதி மீட்டிங்கில் டாக்டர் என்னை எழுப்பி நிற்க வைத்தார். இரண்டு கேஸ் குறைகிறது, முடிக்காவிட்டால் சம்பளமும் இல்லை மாறுதலும் இல்லை, பிரேமகுமாரி, என்றார். அத்தனை பேருக்கு முன்னால் என் முழுப்பேரைச் சொன்னார். மறுநாள் பழனியாத்தாள் வந்தாள். இருபத்துமூன்று வயசு, இடுப்பில் எட்டு மாசக் குழந்தை ரேணுகா, நான் பிரசவம் பார்த்து என் கையில் பிறந்த குழந்தை, அதனால் என்மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை. “நாள் தள்ளிப் போச்சுங்க நர்சம்மா. புள்ள இன்னும் பால் குடிக்குது. இப்பத்திக்கு வேண்டாமுங்க, ரெண்டு வருசம் போகட்டும்” என்றாள். கேம்புக்கு வா, கலைத்துவிட்டு, மறுபடி தங்காமல் லூப் வைத்துவிடுகிறேன், வேண்டும் என்கிறபோது எடுத்துக்கொள்ளலாம் என்றேன். சொன்னபோது அதைத்தான் நினைத்தேன். நினைத்தேனா? அங்கே எனக்கு நிச்சயமில்லை. எத்தனையோ ராத்திரி அந்த இடத்துக்குப் போய் நின்று பார்த்திருக்கிறேன், ஜீப்பில் அவளை ஏற்றியபோது லூப் என்று நினைத்தேனா, சம்மதப் படிவத்தில் அவள் பெருவிரலைப் பிடித்து மையில் தொட்டு அழுத்தியபோது என்ன நினைத்தேன், புருஷன் கையெழுத்து என்ற இடத்தில் இடதுகையால் நான் கிறுக்கியபோது என்ன நினைத்தேன். கிறுக்கியபோது தெரியும். அப்போது நிச்சயமாகத் தெரியும். பள்ளிக்கூட பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு நாற்பது பேரைப் படுக்க வைத்திருந்தார்கள். பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல், “எத்தனை குழந்தை?” என்றார். ரெண்டு சார் என்றேன். ஒன்று என்றால் வேண்டாம் அனுப்பு என்று சொல்லியிருப்பார். ரெண்டு. மயக்க ஊசியில் பழனியாத்தாள் கண் சொருகிக் கிடந்தாள், வாயோரம் எச்சில் வடிந்தது, அதை நான்தான் துடைத்தேன். கலைத்தார்கள், கையோடு கருக்குழாயையும் கட்டிவிட்டார்கள். தொப்புளுக்குக் கீழே தையலைப் பார்த்துவிட்டு இது என்னங்க என்று கேட்டாள், கலைத்ததற்குப் போட்ட தையல் என்றேன். சரிங்க என்றாள்.

ரெண்டு என்ற அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளத்தான் மனசு பார்க்கிறது. வேலை அப்படி, காலம் அப்படி, எத்தனையோ நர்சுகள் அப்படிச் செய்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் ஓரளவு மூச்சு விட முடிகிறது. அதற்கு அப்புறம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் மனசு வேறு எதையாவது எடுத்துக்கொள்கிறது, எதிரே சுவரில் ஒட்டின நோட்டீஸைப் படிக்கிறேன், குடிநீர்த் தொட்டிக்கு அடியில் வைத்த வாளி நிரம்பி வழிவதைப் பார்க்கிறேன், யாராவது குழாயை நிறுத்த வேண்டும், யாரும் எழ மாட்டார்கள், இடம் போய்விடும். மாறுதல் வரவில்லை, மூன்று வருஷம் கழித்தும் நான் அதே சப்சென்டரில்தான் இருந்தேன், அவள் வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், தலையில் கனகாம்பரம், முகம் மலர்ந்திருந்தது. “லூப்ப எடுத்து வுட்டுருங்க நர்சம்மா. அவிங்கப்பனுக்குப் பையன் வேணுமாமா” என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். என்ன ஆகியிருக்கும், கத்தியிருப்பாள், ஊர் கூடியிருக்கும், மெமோ வந்திருக்கும், இளம்பரிதிக்கு இரண்டு வயசு. மேஜைமேல் ஏறிப் படுக்கச் சொன்னேன். கையுறை போட்டேன். விளக்கைத் திருப்பி வைத்தேன். கருவிகள் கிண்ணத்தில் கலகலவென்று சத்தம் வரும்படி எதையோ எடுத்துப் போட்டேன். மூச்சை இழுத்து விடு என்றேன், விட்டாள். ஆச்சு, எடுத்துவிட்டேன் என்றேன். இல்லாத ஒன்றை எடுத்தேன். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த வருஷம் வந்தாள், நிக்க மாட்டேங்குதுங்க என்று. அவசரப்படாதே, உடம்பில் ரத்தம் இல்லை என்று சத்து மாத்திரை கொடுத்தேன். அதற்கடுத்த வருஷம் வந்தாள், கன்னம் வீங்கியிருந்தது, சத்து மாத்திரை கொடுத்தேன். கோயில் கோயிலாக மண்சோறு தின்றாள். அப்புறம் வரவில்லை. சென்னியப்பன் காங்கயம் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். ரேணுகா வளர்ந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள், கம்பெனி வேன் ஒருநாள் காலையில் கவிழ்ந்தது, பத்தொன்பது வயசு. சாவு வீட்டுக்கு நானும் போயிருந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும், “நீங்க எடுத்துக் குடுத்த கொழந்தைங்க நர்சம்மா” என்று சொன்னாள். ஒரு நாற்காலி எடுத்து எனக்குப் போடச் சொன்னாள்.

பேரைக் கூப்பிடுகிறார்கள். பழனியாத்தாள், காளிவலசு. எழுந்திருக்கும்போது அவள்தான் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறாள், மனு அவளுடையது, கைத்தாங்கல் எனக்கு. உள்ளே தனி தாசில்தார் முப்பது வயசுப் பெண், கண்ணுக்குக் கீழே கருப்பு, இந்தப் பெண்ணுக்கு நான் போலியோ சொட்டு போட்டிருந்தாலும் போட்டிருப்பேன். எங்களை உட்காரச் சொல்கிறது. மரியாதையான பெண். கம்ப்யூட்டரைப் பார்க்கிறது, எங்களைப் பார்க்கிறது. “மகன் இருக்கார்னு வருதேம்மா.” நான் அவளிடமிருந்து பையை வாங்கி வாரிசுச் சான்றிதழை எடுத்துக் காட்டி, இரண்டாவது சம்சாரத்தின் மகன், இந்தம்மாவுக்கு அவன் முகமே தெரியாது என்று சொல்கிறேன். “புரியுதும்மா. நான் உங்கள நம்பறேன். ஆனா அப்பா பேர் ஒண்ணா இருந்தா சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது. முன்னெல்லாம் விசாரிச்சு நாங்களே போட்ருவோம். இப்ப மனு குவியுது, தாலுகாவுல வயசானவங்க ஏறிட்டே போறாங்க, சம்பாதிக்கற வயசுல ஆளு கொறஞ்சுட்டே வருது. அதனால மகன்னு ஒரு பேரு இருந்தாக்கூட நிறுத்தி வைக்கச் சொல்லி மேல இருந்து கண்டிப்பு.” விரலால் நெற்றியைத் தேய்க்கிறது. “உங்களுக்குச் சொந்தக் கொழந்தை?” ஒரு புள்ளைங்க, தவறிப் போச்சுங்க, என்கிறாள் பழனியாத்தாள். “ஒண்ணுதானா? உங்க காலத்துல நாலஞ்சு பெத்துக்குவாங்களே.” பெண் சும்மாதான் கேட்கிறது, படிவத்தைப் புரட்டிக்கொண்டே, பேச்சுக்கு. காற்றாடி சுற்றுகிறது, காகிதம் படபடக்கிறது. “ஆண்டவன் அதோட அடைச்சுப் போட்டானுங்க சாமி” என்கிறாள் பழனியாத்தாள். ஆண்டவன் அவளுக்கு இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், கையில் ஜவுளிக்கடைப் பை. தாசில்தார் பெண் ஒரு வழி சொல்கிறது, அந்த நந்தகுமாரிடம், இந்தம்மாவை நான் பராமரிக்கவில்லை, எனக்கும் இவருக்கும் தொடர்பில்லை என்று எழுதி வாங்கி, ஆதார் நகலோடு வைத்தால் மறுபடி அனுப்பலாம். “அவரு குடுப்பாரான்னு தெரியல. சொத்துப் பிரச்சனைன்னு பயப்படுவாங்க. திங்கக்கிழமையே போய்ப் பாருங்கம்மா. இந்த மாசத்தோட பட்டியல் மூடுது. அப்பறம் யாராச்சும் இறந்து இடம் வந்தாத்தான்.” அதைச் சொல்லும்போது பெண் எங்களைப் பார்க்கவில்லை.

வெளியே வெயில் கண்ணைக் குத்துகிறது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கிற தூரம்தான், நான் நடக்கிற நடைக்கு அது தூரம். பழனியாத்தாள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு நிழல் விழும்படி வெயில் பக்கம் நடக்கிறாள். இவளுக்கு உதவித்தொகை வராவிட்டாலும் நான் சோறு போடுவேன், எனக்குப் பென்ஷன் இருக்கிறது, நான் இருக்கிறவரைக்கும் இவளுக்குக் குறையில்லை, இதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் தள்ளினேன். நான் செத்துப்போனால்? நான் முந்தினால் அவளுக்குச் சோறில்லை, அவள் முந்தினால் எனக்கு அந்த பாத்ரூம் தரை. சொல்லிவிட்டால் இரண்டுமே இன்றைக்கே நடந்துவிடும். சொல்லாமலே செத்துவிடலாம், அதுதான் திட்டம், அதில் ஒரு கஷ்டமும் இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் என்னை உட்கார வைத்துவிட்டு இரண்டு டீ சொல்கிறாள். “அந்தப் பையன் குடுப்பானுங்களா?” என்கிறாள். போய்த்தான் பார்க்க வேண்டும் என்கிறேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி யோசிக்கிறாள். “நான் ஒண்ணு நெனச்சனுங்க நர்சம்மா. போனதும் அவன் காலுல உளுந்தர்றனுங்க. அவிங்காத்தா இருந்தா அவ காலுலயும் உளுந்தர்றேன். அவிங்கப்பனுக்கு ஒரு பையனப் பெத்துக் குடுக்க என்னால ஆகுல. என்ற ஒடம்பு அப்படி. அதுக்குத்தான மனசன் வேற தொணை தேடுனாரு, அவரு மேல தப்பில்லீங்களே. எதோ பாவம் பண்ணுன வகுறு. எம்பட கொறையப் பொறுத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடு சாமின்னு கேட்டா, கல்லா இருந்தாலும் போடாம இருப்பானுங்களா?” அறுபத்திரண்டு வயசு உடம்பு முப்பத்திரண்டு வயசுப் பையனின் காலில் விழுவது எனக்குத் தெரிகிறது, முழங்கால் மடங்குவது, கை ஊன்றுவது, அப்புறம் எழ முடியாமல் நான் தூக்கிவிடுவது. பாவம் பண்ணின வயிறு. வருஷக்கணக்கில் அந்தக் குறைக்காக அடி வாங்கினாள் என்பது எனக்குத் தெரியும், இத்தனை வருஷமும் அது தன்னுடைய குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதை, தெரியும் என்றாலும், அவள் வாயால் நான் கேட்டதில்லை.

“உன் உடம்புல ஒரு குறையும் இல்ல” என்று சொன்னது என் குரல்தான். அவள் திரும்பினாள். “அன்னைக்குக் கேம்புல லூப் வெக்கல. ஆபரேசன் பண்ணிட்டாங்க. நான்தான் பண்ண வெச்சேன். ரெண்டு கொழந்தைன்னு பொய் சொல்லி.” அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் ஒரு பஸ் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. “என்னுங்க?” என்று காதை அருகே கொண்டுவந்தாள், திரும்பச் சொன்னேன், அதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததுதான் கொடுமை, இரண்டாவது தடவை இன்னும் சத்தமாக. “லூப்ப எடுத்தீங்களே” என்றாள். எடுக்கவில்லை, எடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்றேன். “கிண்ணத்துல போட்டீங்களே. சத்தம் கேட்டுச்சே.” அது சும்மா என்றேன். சும்மா என்ற சொல்தான் வாயில் வந்தது. அவள் கிளாஸை பெஞ்சில் வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தினால் தேவலை, டீக்கடைக்காரன் பார்க்கட்டும், பஸ் ஸ்டாண்டே பார்க்கட்டும். அவள் எதையோ மனசுக்குள் வரிசையாக வைத்துப் பார்ப்பதுபோல விரல்களை மடித்தாள், விரித்தாள். “அப்ப அந்த மாத்தர?” என்றாள். சத்து மாத்திரை என்றேன். “அவிங்கப்பன் அடிச்சாரே.” எங்கள் பஸ் உள்ளே வந்து திரும்பி நின்ற பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டாள். “அன்னைக்குக் கலைச்சீங்களே, அது பையனா, புள்ளையா?” இரண்டு மாசம்கூட ஆகவில்லை, அப்போது தெரியாது, யாருக்கும் தெரியாது என்றேன். தலையாட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து போய் பஸ்ஸில் ஏறினாள். எப்போதும் எனக்குப் பின்னால் நின்று என்னை ஏற்றிவிட்டு ஏறுகிறவள். நான் கம்பியைப் பிடித்து, காலைத் தூக்கி, தூக்க முடியாமல் மறுபடி இறக்கினேன், கண்டக்டர், பாத்தும்மா, என்று கையைக் கொடுத்தார்.

அவள் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தாள், நான் நடுவில் உட்கார்ந்தேன். அவளுடைய பின்கழுத்து தெரிந்தது, நரைத்த சின்னக் கொண்டை தெரிந்தது, மேட்டிலும் பள்ளத்திலும் பஸ் குலுங்கும்போது அதுவும் குலுங்கியது, வேறொன்றும் தெரியவில்லை. சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். ஒன்றும் இறங்கவில்லை. இது அவளுக்காகச் சொன்னதா, செத்துப்போவதற்குள் என்னைக் கழுவிக்கொள்வதற்காகச் சொன்னதா, அதுவும் எனக்கு நிச்சயமில்லை, எதுதான் எனக்கு நிச்சயம். நாளைக்கு எட்டரைக்கு அவள் வர மாட்டாள். நான் இளம்பரிதியிடம் என்ன சொல்வேன், வேறு ஆள் பார் என்றால் எங்கே போய்ப் பார்ப்பான், ஹோமில் சேர்த்துவிடு என்றால் அங்கே மட்டும் யார் இருக்கிறார்கள், எங்களைத் தூக்கிப் படுக்க வைக்க எந்த ஊரிலிருந்து பெண்களைக் கொண்டுவருவார்கள். இந்த நேரத்திலும் என் படுக்கையைத்தான் நினைக்கிறேன். ரேணுகாவுக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் முப்பத்தைந்து வயசு இருக்கும், ஒரு தங்கை இருந்திருந்தால் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்திருக்கும், அந்தப் பிள்ளைகளில் ஒன்று இந்தப் பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு அழுதிருக்கும். பஸ்ஸில் பதினேழு பேர் இருந்தோம், ஒரு குழந்தை இல்லை. காளிவலசு ஸ்டாப்பில் அவள் முதலில் இறங்கினாள். நான் இறங்கும்போது பஸ்ஸைத் தட்டி நிறுத்திவைத்தாள், கையைக் கொடுக்கவில்லை. பஸ் போன பிறகு புழுதி அடங்கும்வரை நின்றாள். “திங்கக்கெழம காங்கயம் போகோணும்னு ஆபீசுல அந்தப் புள்ள சொல்லுச்சல்ல” என்றாள். ஆமாம் என்றேன். “நீ வா” என்றாள். இத்தனை வருஷத்தில் என்னை நீ என்று அவள் சொன்னதில்லை, அவள் மகள் செத்த அன்றைக்குக்கூட வாங்க என்றுதான் சொன்னாள். “அந்தப் பையங்கிட்ட நீதான் பேசோணும். நான் ஆரு காலுலயும் உளுக மாட்டேன்.” நான் வந்து நிற்பது உனக்குக் கஷ்டமாக இருந்தால் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போ, நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று என்னவோ சொன்னேன். அவள் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள், அழவில்லை, கண் வறண்டு கிடந்தது. “வேற ஆரை எனக்கு நீ வுட்டு வெச்சே?” என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை, ஓடைக்கரை வழியாக நடக்க ஆரம்பித்தாள். ஊருக்குள் போக வேறு வழி கிடையாது. பத்தடி தள்ளி, அவள் நிற்கிற இடத்தில் நின்று, நடக்கிறபோது நடந்து, நானும் அவள் பின்னால் போனேன்.